பஞ்சுவுக்கு ரெண்டு மூடி

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு மேரிராணி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஆறு பேர். அந்த ஆறு பேரும் கை காட்டி முடிப்பதற்குள் ஏதாவது நடந்தால் நல்லது. கரண்டு போகலாம். முதலாளி கூப்பிட்டு, கை பார்க்கிற பொன்மணி எழுந்து உள்ளே போகலாம். எதுவும் நடக்கவில்லை. வரிசை நகர்ந்தது.

கோவில்பட்டியில் தண்டவாளத்துக்கு மேற்கே இருந்தது அந்தக் கடலைமிட்டாய்க் கம்பெனி. அங்கே கையைப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். மேற்பார்வை பார்க்கிற பொன்மணி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தியாய்ப் பார்ப்பாள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண். மேரிராணிக்குப் பதினொரு வருஷமாக அங்கேதான் வேலை. கொதிக்கிற வெல்லப்பாகில் வறுத்த கடலையைக் கொட்டிக் கிண்டி, மரத்தட்டில் கவிழ்த்து, உருளையால் ஓட்டி, சூடு இறங்கும் முன் கத்தியால் கட்டம் போட வேண்டும். முந்தினால் பாகு இழுக்கும். பிந்தினால் நொறுங்கும். அந்த நேரம் எதுவென்று அவள் கைக்குத் தெரியும். அதனால்தான் கட்டம் போடுகிற கத்தி அவளிடம் இருந்தது.

“கையக் காட்டு, மேரி.”

“நேத்து காட்டுனேம்லா.”

“இன்னைக்கும் காட்டு.”

காட்டினாள். விரல் இடுக்குகளில் கடுகு கடுகாய் நீர்க்கொப்புளம். மணிக்கட்டில் சொறிந்து சொறிந்து வரிவரியாய்ச் சிவப்பு. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு இரண்டு நாள் அடக்கி வைத்திருந்தது. மூன்றாம் நாள் முன்னைவிட மோசம்.

பொன்மணி கையைப் பார்த்தாள். பிறகு சேலைக்கரையைப் பார்த்தாள். அதில் நாலைந்து வெள்ளை முடி ஒட்டியிருந்தது.

“வீட்டுல நாய் கெடக்கா?”

மேரிராணி முடியைத் தட்டிவிட்டாள்.

“சொறி புடிச்ச நாயா?”

மேரிராணி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பொன்மணிக்கு அதுவே போதும்.

ஆறு வருஷம் ஒரே டவுன் பஸ்ஸில், ஒரே சீட்டில் வந்தவர்கள் இருவரும். அந்தப் பழக்கத்தில் பொன்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “திங்கக்கெழம வெளிய இருந்து ஆளு வருதாவ, கம்பெனியப் பாக்க. அன்னைக்கு ஒன் கை சுத்தமா இருந்தா உள்ள வா. இல்லன்னா ஒன் கத்திய நான் வேற ஆளுகிட்டதான் குடுக்கணும். பெறகு என்னைய ஏசக்கூடாது. மொதல்ல அந்த நாய எங்கயாச்சும் ஒழி.”

மூன்று நாள். மேரிராணி வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

*

நாயின் பேர் பஞ்சு.

பேர் வைத்தது சுஜா. மேரிராணிக்கும் கிறிஸ்துராஜுக்கும் ஒரே பிள்ளை. மேற்கே ஒரு நூல் மில்லில் வேலை, மில் ஹாஸ்டலில் தங்கல். போன ஆடி மாதம் லீவுக்கு வந்தவள் கைப்பைக்குள் இருந்து துணிக்குப் பதிலாக ஒரு குட்டியை எடுத்துத் தரையில் விட்டாள். கழிவுப்பஞ்சுக் குவியலுக்குள் கிடந்ததாம். காதெல்லாம் நூல் ஒட்டி, எது பஞ்சு எது முடி என்று தெரியாமல் நின்றது. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதற்கு, குழந்தை என்று சொல்லிச் சமாளித்ததாகச் சுஜா சிரித்தாள். அன்றிலிருந்து போனில் அவள் முதலில் விசாரிப்பது அப்பாவையும் இல்லை, அம்மாவையும் இல்லை.

கார்த்திகை மழை ஓய்ந்தபோது பஞ்சுவின் கண்ணைச் சுற்றி முடி கொட்டியது. கண்ணாடி போட்டதுபோல இருந்ததால் முதலில் சிரித்தார்கள். பிறகு முன்னங்கால், முழங்கை, கழுத்து. தோல் சிவந்து தடித்து, ஒருவிதப் புளித்த வாடை வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். டிராக்டர் பட்டறையில் கழிவு ஆயில் வாங்கித் தடவச் சொன்னவர்களும் உண்டு. அதை மட்டும் கிறிஸ்துராஜ் செய்யவில்லை.

கிறிஸ்மஸுக்குச் சுஜா நாலு நாள் வந்திருந்தாள். நல்ல பனி. அம்மாவும் மகளும் ஒரே போர்வைக்குள் படுத்தார்கள். பஞ்சு அவள் காலடியில். சுஜா தூக்கத்தில் இடுப்பையும் கையையும் சொறிந்துகொண்டே கிடந்தாள். என்னட்டி என்று கேட்டதற்கு மில் தூசி என்றாள். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, எப்படியாவது சரியாக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

தை கடைசியில் மேரிராணிக்கு அரிக்க ஆரம்பித்தது.

*

மத்தியானம் கிறிஸ்துராஜ் பருத்திப் பொதியோடு வந்தார். ஒன்றரை ஏக்கர் கரிசல். மேலே காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தாலும் அடியில் ஈரம் நிற்கிற மாசி மாதம். முதல் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. காய் குத்தி விரல் நுனியெல்லாம் கீறல். பொதியை இறக்கியவர், இந்த நேரத்தில் மேரிராணி வீட்டில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

அவள் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே மணிக்கட்டைச் சுவரில் தேய்த்தாள். வேலிப்பக்கம் பஞ்சு பின்னங்காலால் காதைப் பிராண்டியது. இரண்டு சத்தமும் ஒன்றுபோலவே இருந்தன.

“ஓட்டப்பிடாரம் பக்கம் சந்தை நாளுல கொண்டு விட்டுட்டு வாருங்க, சுஜா அப்பா. அங்கன கறிக்கடை இருக்கு. பொழச்சுக்கிடும்.”

“இந்தத் தோலோடயா? கல்லால எறிஞ்சே கொன்னுருவானுவ.”

“அப்ப என்னைய என்ன செய்யச் சொல்லுதிய?”

“ஞாயித்துக்கெழம அவ போன் பண்ணி பஞ்சு எங்கம்மான்னு கேட்டா, நீ சொல்லுவியா?”

அவள் எழுந்தாள். மீந்த சோற்றில் குழம்பை ஊற்றாமல், தண்ணீர் விட்டுப் பிசைந்து கொண்டுபோய் பஞ்சுவின் தட்டில் வைத்தாள். காரம் பட்டால் அரிப்பு கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாய் தின்றது. கையை நக்க வந்தபோது அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அது புரியாமல் அவள் முழங்காலை முகர்ந்தது.

டவுனில் நாய்க்கென்று ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார்களாம், காலையில் போய்ப் பார்க்கிறேன் என்றார் கிறிஸ்துராஜ்.

*

டாக்டர் ஷைலா முப்பது வயதுக்காரி. மெயின் ரோட்டில் ஒரு உரக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. சனிக்கிழமை காலை பஞ்சுவை மேஜையில் ஏற்றியதும், மூக்கைச் சுளிக்காமல் காதை மடக்கிப் பார்த்தாள். தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிளேடால் லேசாகச் சுரண்டினாள். ரத்தம் பொடிப்பது வரைக்கும் சுரண்டினாள். சுரண்டியதைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, இன்னொரு சில்லால் மூடினாள். பஞ்சு கிறிஸ்துராஜின் கக்கத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

சொறியில் இரண்டு ஜாதிப் பூச்சி உண்டு என்று அவள் விளக்கினாள். ஒன்று மேலோட்டமாய் வளை தோண்டும், மனுசருக்கும் ஒட்டும். இன்னொன்று முடிக்காலுக்குள் குடியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. உருப்பெருக்கியில் பார்த்தால்தான் எது என்று தெரியும். உருப்பெருக்கியின் பல்ப் முந்தின நாள்தான் போயிருந்தது, புதுசு சாயங்காலம் வரும்.

“நாளைக்குக் காலையில நானே போன் பண்ணுதேன், அண்ணாச்சி. அதுவரை எதையும் தேய்க்காதீங்க. மண்ணெண்ணெய், ஆயில், வயக்காட்டு மருந்து, எதுவும் கூடாது.”

“வீட்டுல அவ கையெல்லாம் அரிக்குது, டாக்டரம்மா. திங்கக்கெழம வேலைக்குப் போவணும்.”

“அவிய தோல் டாக்டரப் பாக்கட்டும். நாயில இருந்துதான் வந்துச்சுன்னு இப்பவே சொல்ல முடியாது.”

கடைசி வார்த்தையைக் கிறிஸ்துராஜ் காதில் வாங்கினார். வீட்டில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நாய்க்குப் பரிந்து பேசுவதாக அவள் நினைப்பாள்.

சாயங்காலம் டீக்கடையில் சிவனாண்டி பிடித்துக்கொண்டான். ஊருக்கெல்லாம் கூலிக்கு மருந்தடிக்கிறவன். முதுகில் டேங்கைச் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கியிருக்கும். டாக்டரம்மா பிளேடால் சுரண்டிய கதையைக் கேட்டு அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சவரம் பண்ணி அனுப்பிருக்காவளா? அண்ணாச்சி, எங்க வெள்ளாட்டுக்குச் சொறி வந்தப்ப என்ன செஞ்சேன் தெரியுமா? பருத்தியில செம்பேன் பூச்சிக்கு அடிப்பம்லா, அந்த மருந்து. வாளித் தண்ணிக்கு ஒரு மூடி. ஒரே முழுக்கு. எட்டா நாளு முடி மொளச்சுட்டு. டவுனுல நாய்க்குக் குப்பியில விக்கதும் அதே சரக்குதான். அட்டையில பருத்திக்குப் பதிலா நாய் படம் போட்டுருப்பான்.”

டாக்டரம்மா கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள் என்றார் கிறிஸ்துராஜ்.

“அவிய அப்படித்தான் சொல்லுவாவ. நீயும் நானும் குணமாக்கிட்டா அவியகிட்ட யாரு போவா?”

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. போன் வரவில்லை.

பூசை ஏழரைக்கு. மேரிராணி வெள்ளைச் சேலை உடுத்தி, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ராத்திரி முழுக்கச் சொறிந்ததில் இடது மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. கிறிஸ்துராஜ் போனைச் சட்டைப்பையில் இருந்து எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். அவருக்கும் இடுப்பில், அரைஞாண் கயிறு படுகிற இடத்தில், ஒரு வாரமாக நமைச்சல். வேர்வை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“டாக்டரு எப்ப சொல்ல, நான் எப்ப கை காட்ட? சிவனாண்டி சொன்னதப் போடுங்க, சுஜா அப்பா.”

“ஒரு மணி நேரம் பாப்போம்.”

“அதுக்குச் சரியானாத்தான எனக்குச் சரியாவும். ஆட்டுக்கு ஆவலயா? கொண்டு விடவும் மாட்டேங்கிய, மருந்தும் போட மாட்டேங்கிய. அது இங்கனயே இருக்கணும்னுதான் நானும் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் போனைச் சட்டைப்பையில் வைத்தார். சரி, நீ போயிட்டு வா என்றார்.

பூசை மணி அடித்து ஓய்ந்தது. மாட்டுக்கொட்டிலில் இப்போது மாடு இல்லை, மருந்தும் உரச்சாக்கும்தான். கூரையின் இறவாணத்தில் சொருகியிருந்த செம்பேன் மருந்துப் புட்டியைக் கிறிஸ்துராஜ் எடுத்தார். முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவ்வளவா மிச்சம் வைத்தோம் என்று ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினார். தண்ணீர் பால்போல் வெளுத்தது. ஆட்டுக்கு ஒரு மூடி. இது சொறியில் தடித்த தோல். இன்னொரு மூடி ஊற்றினார்.

பஞ்சு ஓடவில்லை. கூப்பிட்டதும் வாலைத் தாழ்த்திக்கொண்டு வந்து நின்றது. வேப்பிலை, மஞ்சள், உப்பு என்று மூன்று மாதமாய் எத்தனையோ முழுக்குப் பார்த்துவிட்டது. குவளையால் மொண்டு கழுத்தில் ஊற்றினார். அடிவயிற்றில் ஊற்றினார். தடித்த இடத்திலெல்லாம் விரலை விட்டு ஊறத் தேய்த்தார். டாக்டரம்மா சுரண்டிய இடம் எரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை முனகியது.

அப்போது போன் அடித்தது.

சட்டை கொடியில் கிடந்தது. இரண்டு எட்டு வைத்தால் எட்டிவிடலாம். கிறிஸ்துராஜ் எழுந்தார். பிறகு கையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷமாக மருந்து கலக்குகிறவர். மருந்துக் கையால் பீடியைத் தொடமாட்டார், போனைத் தொடமாட்டார். அது வாய்க்கு வந்துவிடும். முதலில் வேலையை முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு பேசிக்கொள்ளலாம்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது.

அவர் கை கழுவித் திரும்பியபோது பஞ்சு வெயிலில் நின்று உடம்பை உதறியது. உதறி முடித்த பிறகும் உதறல் நிற்கவில்லை. முதலில் தொடை துடித்தது. பிறகு தோள். வாயில் இருந்து கோழை நூலாய் இறங்கியது. அவரைப் பார்த்து நடந்து வர முயன்றது. முன்னங்கால் இரண்டும் விலகி, தாடை தரையில் மோதியது.

கிறிஸ்துராஜ் வாளியைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார். ஞாபகம் வந்தது.

மருந்தை யாரும் கீழே கொட்டுவதில்லை. கடைசித் தெளிப்பு முடிந்ததும் நாலு புட்டியில் கொஞ்சம் கொஞ்சம் நின்றால், எல்லாவற்றையும் ஒரே புட்டியில் ஊற்றி இறுக மூடி வைப்பார்கள். அடுத்த வருஷம் முதல் தெளிப்புக்கு ஆகும். எல்லாம் பூச்சியைக் கொல்கிற சரக்குதானே. மார்கழியில், சுஜா வருகிறாள் என்று கொட்டிலை ஒதுக்கியபோது, பல மடங்கு கடுமையான காய்ப்புழு மருந்தில் அரைப் புட்டியை இந்தச் செம்பேன் புட்டியில் ஊற்றியது அவர்தான். காலிப் புட்டியை நசுக்கி எறிந்ததும் அவர்தான்.

*

மேரிராணி தெருமுனையில் வரும்போதே அவர் குரல் கேட்டது. முக்காட்டோடு ஓடி வந்தாள். கேட்கவில்லை, திட்டவில்லை. தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, துணி சோப்பால் பஞ்சுவைத் தேய்த்தாள். உரிந்த மணிக்கட்டில் சோப்பு எரிந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. நேற்றுவரை தொடாமல் ஒதுக்கிய நாயை மடியில் கிடத்தி, வாய்க்குள் விரல் விட்டுக் கோழையை வழித்து எறிந்தாள். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது.

கிறிஸ்துராஜ் டாக்டருக்குப் போன் அடித்தார். என்ன ஊற்றினார் என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். உடனே கொண்டு வாருங்கள், ஊசி இருக்கிறது, அரை மணி நேரத்துக்குள் வாருங்கள் என்றாள்.

சிவனாண்டி மொபெட்டை எடுத்து வந்தான். பஞ்சுவை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிறிஸ்துராஜ் பின்னால் உட்கார்ந்தார். வண்டிப்பாதை முழுக்க மேடும் பள்ளமும். காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எட்டு நிமிஷத்தில் ரயில்வே கேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

கேட் மூடியிருந்தது.

கடம்பூர்ப் பக்கமிருந்து கூட்ஸ் வந்துகொண்டிருந்தது. சிவனாண்டி கேட்கீப்பரைக் கெஞ்சினான். அவர் கையை விரித்தார். வண்டி வந்தது. நிலக்கரிப் பெட்டிகள். கிறிஸ்துராஜ் பெட்டிகளைப் பார்க்கவில்லை. சாக்குக்குள் கை விட்டு, விலா எலும்பு ஏறி இறங்குவதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஏறியது. இறங்கியது. நெடுநேரம் கழித்து ஏறியது. கடைசிப் பெட்டி போய், கேட் மேலே எழும்பி, சிவனாண்டி வண்டியை உதைத்துக் கிளப்பியபோது அவர் சொன்னார்.

“வேண்டாம்லே. திருப்பு.”

சிவனாண்டி இறங்கி வந்து சாக்கை விலக்கிப் பார்த்தான். மறுபடி மூடினான். பிறகு, யாரோ தன்னைக் கேட்டுவிட்டதுபோலச் சொன்னான். “நான் ஒரு மூடிதான சொன்னேன், அண்ணாச்சி.”

போன் அடித்தது. டாக்டர். எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். கிறிஸ்துராஜ் நாயைச் சிவனாண்டியிடம் கொடுத்துவிட்டு, தண்டவாளத்தின் ஓரமாய்த் தள்ளிப் போய் நின்று பேசினார்.

“முடிஞ்சுட்டு, டாக்டரம்மா.”

எப்போது என்று அவள் கேட்டாள். இப்போதுதான் என்றவர், அவரே கேட்டார்.

“காலையில எதுக்குப் போன் அடிச்சீய?”

“அது இப்ப எதுக்கு, அண்ணாச்சி.”

“சொல்லுங்க.”

“சிலைடு பாத்துட்டேன். இது முடிக்காலுக்குள்ள இருக்குத பூச்சிதான். குட்டியில தாய்கிட்டப் பால் குடிக்கையில வாரது. மனுசருக்கு ஒட்டாது. சின்ன நாயில்லா, நெறைய நாய்க்கு ஒரு வயசு ஆவும்போது தானாவே ஆறிரும். ஆறலன்னாலும் மாத்திரை இருக்கு. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அக்கா கையில் இருப்பது வேறு, அதற்குத் தனியாக டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். அவர் சரி என்றார். போனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

அவர் நிலத்தின் வடக்கு வரப்போரப் பொழியில் குழி தோண்டினார்கள். மேல்மண் ஓடுபோல உடைந்தது. அடிமண் ஈரமாய் மண்வெட்டியில் அப்பிக்கொண்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் குச்சியால் வழித்துவிட்டுத்தான் அடுத்த வெட்டு. ஒரு நாய்க்கு அவ்வளவு நேரம் ஆனது.

கேட்டிலேயே போய்விட்டது, மருந்தை நக்கியிருக்கும், அதுதான் என்று வீட்டில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மேரிராணி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, சாயங்காலம் வரை அழுதாள். பிறகு எழுந்து போர்வை, பாய், சாக்கு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசிப் போட்டாள். பஞ்சுவின் தட்டைச் சாம்பல் போட்டு விளக்கி, கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற சுஜாவின் போன் அன்றைக்கு வரவில்லை. வராதது நல்லது என்று இருவருமே நினைத்தார்கள்.

*

திங்கட்கிழமை வரிசையில் அவளுக்கு முன்னால் மூன்று பேர்.

“நாய் என்ன ஆச்சு?”

“செத்துட்டு.”

பொன்மணி ஒரு கணம் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு கையைப் பிடித்துத் திருப்பினாள். பழைய புண்ணுக்குப் பக்கத்திலேயே புதுக் கொப்புளம். வலது கையிலும் மூன்று. பொன்மணி கையை விடாமல் வைத்துக்கொண்டு மேரிராணியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதனால்தான் மேரிராணியால் தாங்க முடியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த பிரித்திகா தட்டுக்கு முன்னால் நின்று கத்தியை எண்ணெய்த்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிடியில் மேரிராணி சுற்றியிருந்த நீலத்துணி அப்படியே இருந்தது.

பதினோரு மணி பஸ்ஸில் ஊருக்கு வந்தாள். கிறிஸ்துராஜ் காட்டில் இருந்தார். தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தபோது கொட்டிலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

மேரிராணி தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கும்பா நிறையத் தண்ணீர். கையில் அந்தப் புட்டி. பல்லால் கடித்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி செய்யுத?”

“நான் ஒண்ணும் நக்க மாட்டேன். கை மட்டும் முக்கி எடுக்கப் போறேன்.”

“கீழ வையி.”

“நீங்க வருசம் பூரா கையாலதான கலக்குதிய. ஒங்களுக்கு என்ன ஆச்சு? அது நக்குனதாலதான செத்துச்சு. நாயில இருந்து வந்த பூச்சி, நாய் செத்தும் சாவல. எனக்கு இன்னும் அரிக்குது, சுஜா அப்பா. அது போனப் பெறகும் அரிக்குது.”

அவர் பாய்ந்து புட்டியைப் பிடுங்கினார். கும்பா உருண்டு தண்ணீர் புழுதியில் பரவியது. அவள் விடவில்லை, எழுந்து அவர் கையைப் பிடித்தாள். நாளைக்காவது கை காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளை கத்தியைப் பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். வேறு வழி இருந்திருந்தால் கிறிஸ்துராஜ் அதைச் செய்திருப்பார்.

“அது நாயில இருந்து வரல, மேரி.”

பிடி தளர்ந்தது.

“பஞ்சுக்கு இருந்தது மனுசருக்கு ஒட்டாதாம். தானாவே ஆறிருக்குமாம். டாக்டரம்மா சொன்னாவ.”

“எப்பச் சொன்னாவ?”

“நேத்து. கேட்டுல வச்சு.”

“நேத்தே தெரியுமா?”

அவர் தலையை மட்டும் அசைத்தார். மேரிராணி சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. நேற்று அழுது முடித்திருந்தாள். தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் போட்டு, பொன்மணி பார்க்கிற மாதிரியே பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண்.

“போடுங்கன்னு நான்தான சொன்னேன்,” என்றாள்.

“ஊத்துனது நான்.”

நனைந்த புழுதி காய்ந்தது. தளர்ந்த மூடியிலிருந்து மெல்லிய மருந்து வாடை வந்தது. பிறகு அவள் கேட்டாள், அவரைப் பார்க்காமல்.

“அப்ப இது எங்கன இருந்துதான் வந்துச்சு?”

இடுப்பைச் சொறியப் போன கையை நடுவில் நிறுத்திக்கொண்டார்.

போன் அடித்தது. சுஜா. அவர் எடுக்காமல் அவளிடம் நீட்டினார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

நேற்று பேச முடியவில்லை, ஹாஸ்டலில் ஒரே களேபரம் என்று சுஜா வேகவேகமாகச் சொன்னாள். ஹாலில் படுக்கிற நாற்பது பேருக்கும் சிரங்காம். டாக்டர் வந்து எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்து, தலையணை போர்வையெல்லாம் வெயிலில் போடச் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கும் சொல்ல வேண்டுமாம்.

“எனக்குக் கிறிஸ்மஸுக்கு வாரதுக்கு முந்தியே இருந்துச்சும்மா. வெக்கமா இருந்துச்சு, சொல்லல. நாம ஒரே போர்வையிலதான படுத்தோம். ஒனக்கு வந்துருக்கா?”

மேரிராணி கண்ணை மூடிக்கொண்டாள். “கொஞ்சம்.”

“மருந்து பேரு அனுப்புதேன், ஒடனே வாங்கிப் போடு. அப்பாவையும் போடச் சொல்லு.” சுஜா நிறுத்தினாள். மறுமுனையில் மில் சங்கு ஊதியது. மறுபடி பேசியபோது அவள் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகியிருந்தது. “அம்மா, பஞ்சு என் மடியிலயேதான கெடந்துச்சு. என்கிட்ட இருந்து அதுக்கும் ஒட்டிருக்குமோ? பாவம், அதுக்கு ஏற்கெனவே அவ்வளவு இருந்துச்சு. என்னாலதான் கூடிருக்குமோன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. ரொம்ப அரிக்குதாம்மா அதுக்கு?”

கிறிஸ்துராஜ் எழுந்து கொட்டிலை விட்டு வெளியே போனார்.

மேரிராணி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். விரல் இடுக்கில் நெருப்பாய் அரித்தது. சொறியாமல் பிடித்துக்கொண்டாள்.

“இல்லட்டி,” என்றாள். “அதுக்கு இப்ப அரிக்கல.”